மெயிலை ஃபைலாக வைப்பதா, டேட்டாபேஸில் போடுவதா?

சொந்தமாக மெயில் சர்வர் நடத்தும் அலுவலகங்களில் இந்தக் கேள்வி எப்போதாவது எழுந்தே தீரும். வாடிக்கையாளர் விவரம், கணக்கு, சம்பளப் பட்டியல் எல்லாம் போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் மாதிரி ஒரு டேட்டாபேஸில் ஒழுங்காக இருக்கின்றன. மெயில் மட்டும் லட்சக்கணக்கான குட்டி ஃபைல்களாக டிஸ்க்கில் சிதறிக் கிடக்கிறது. அனுப்பியவர், பெறுநர், தேதி, தலைப்பு என்று பார்த்தால் அப்படியே டேபிளின் நெடுவரிசைகள் மாதிரிதான் தெரிகிறது. பிறகு ஏன் இதையும் டேட்டாபேஸுக்குள் கொண்டுவரக் கூடாது?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வந்த மெயில் வந்தபடியே ஃபைலாக இருக்கட்டும். அதைப் பற்றிய விவரங்கள் டேட்டாபேஸில் இருக்கட்டும். அந்த டேட்டாபேஸ் நாளைக்கே அழிந்தாலும் ஃபைல்களிலிருந்து மறுபடி உருவாக்க முடிய வேண்டும். பெரும்பாலானோருக்கு இதுதான் சரிவரும். சரிவராத இடங்களும் உண்டு, அவற்றையும் பார்க்கலாம்.

ஃபைல் என்று சொன்னாலும் அதில் இரண்டு வழி இருக்கிறது. பழையது எம்பாக்ஸ். ஒரு ஃபோல்டரின் எல்லா மெயில்களும் ஒரே ஃபைலில் வரிசையாக இருக்கும். 'ஃப்ரம்' என்ற ஆங்கிலச் சொல்லும் ஓர் இடைவெளியும் வரியின் தொடக்கத்தில் வந்தால் அடுத்த மெயில் ஆரம்பம் என்று பொருள். மெயிலின் உள்ளடக்கத்திலேயே ஒரு வரி அப்படித் தொடங்கினால்? அதற்கு முன்னால் ஒரு அம்புக்குறியைச் சேர்த்துவிடுவார்கள். அதாவது வந்த கடிதத்தையே திருத்துகிறார்கள். தவிர, நடுவிலிருந்து ஒரு மெயிலை அழிக்க வேண்டுமென்றால் அதற்குப் பின்னால் உள்ளதையெல்லாம் திரும்ப எழுத வேண்டும். இரண்டு புரோகிராம்கள் ஒரே நேரத்தில் எழுதாமலிருக்கப் பூட்டும் தேவை. ஒரு ஃபோல்டரை மூடிக் கட்டி ஆவணமாக ஒதுக்கிவைக்க எம்பாக்ஸ் போதும். தினசரிப் புழக்கத்துக்கு வேண்டாம்.

மற்றது மெயில்டிர். கியூமெயில் என்ற மெயில் சர்வரை எழுதிய டேனியல் பெர்ன்ஸ்டைன் 1990களில் கொண்டுவந்தது. ஒரு மெயிலுக்கு ஒரு ஃபைல். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் டிஎம்பி, நியூ, கர் என்று மூன்று டைரக்டரிகள். புது மெயில் முதலில் டிஎம்பியில் முழுவதும் எழுதப்படும். டிஸ்க்கில் பத்திரமாக இறங்கியது உறுதியான பிறகுதான் நியூவுக்கு நகரும். ஒரே ஃபைல் சிஸ்டத்துக்குள் இப்படிப் பெயர் மாற்றி நகர்த்துவது ஒன்று முழுதாக நடக்கும், இல்லாவிட்டால் நடக்கவே நடக்காது. பாதியில் மின்சாரம் போனால் அரைகுறை மெயில் டிஎம்பியிலேயே நின்றுவிடும், இன்பாக்ஸுக்குள் வராது. பூட்டே தேவையில்லை. மெயிலைப் படித்தாயிற்றா, பதில் போட்டாயிற்றா என்ற குறிப்புகள் ஃபைலின் பெயரிலேயே ஒட்டியிருக்கும். பெயரின் கடைசியில் முக்காற்புள்ளி, 2, காற்புள்ளி, அதன் பின் எழுத்துகள்: எஸ் இருந்தால் படித்தது, ஆர் இருந்தால் பதில் போட்டது. முக்காற்புள்ளியை ஃபைல் பெயரில் விண்டோஸ் ஏற்காது என்பதைத் தவிர, இவ்வளவு சிக்கனமாக இவ்வளவு உறுதியான ஏற்பாடு கணினி உலகில் அபூர்வம் என்றே நினைக்கிறேன்.

மெயில்டிரின் தொல்லை எண்ணிக்கையில்தான் இருக்கிறது. லினக்ஸில் ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டத்தை உருவாக்கும்போது வழக்கமாக 16 கேபிக்கு ஒரு ஐநோட் (ஒரு ஃபைலைப் பற்றிய பதிவுக்கான இடம்) என்ற கணக்கில் ஒதுக்கப்படும். 40 ஜிபி வாடகை சர்வர் என்றால் சுமார் 26 லட்சம் ஐநோட். ஒரு மெயிலுக்கு ஒரு ஃபைல், ஒரு ஃபைலுக்கு ஓர் ஐநோட். மெயில்கள் சராசரியாக 8 கேபி இடம் பிடித்தால், டிஸ்க்கில் பாதி காலியாக இருக்கும்போதே ஐநோட் தீர்ந்துபோகும். டிஸ்க் நிரம்பிவிட்டது என்று சர்வர் அலறும், டிஸ்க் இடத்தைச் சொல்லும் டிஎஃப் கட்டளையோ பாதி இடம் மீதி என்று காட்டும். அதே கட்டளையை ஐ என்ற ஆப்ஷனோடு கொடுத்தால்தான் விஷயம் புரியும். அப்புறம், 80,000 மெயில் உள்ள ஒரு ஃபோல்டரைத் தேதி வாரியாகக் காட்ட 80,000 ஃபைலையும் திறந்து, அனுப்பியவர், தேதி முதலியவை இருக்கும் தலைப்பகுதியான ஹெடரைப் படிக்க வேண்டும். இதனால்தான் டவ்காட் மாதிரி சர்வர்கள் மெயில்டிர் பக்கத்திலேயே தங்கள் இன்டெக்ஸ் (தேடுவதற்கான அட்டவணை), கேஷ் ஃபைல்களை வைத்துக்கொள்கின்றன. ஆக, வெறும் ஃபைலை மட்டும் நம்பி இன்று அநேகமாக யாரும் மெயில் சர்வர் நடத்துவதில்லை. டேட்டாபேஸ் வேலையை ஒரு சின்ன அளவில் ஏற்கெனவே யாரோ செய்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

ஃபைலுக்காக வாதாடுபவர்கள் முதலில் சொல்வது ஃபைல்களுக்குள் சொல்லைத் தேடும் கிரெப் கட்டளையை. டேட்டாபேஸே தேவையில்லை, ஒரு கட்டளையில் பத்து வருட மெயிலையும் தேடிவிடலாம் என்பார்கள். ஆங்கில மெயிலுக்கு இது ஓரளவு உண்மை. தமிழ் மெயிலுக்கு உதவவே உதவாது. தமிழில் எழுதிய மெயில் பெரும்பாலும் யூனிகோடின் யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் இருந்து, வெறும் ஆங்கில எழுத்து, எண், சில குறிகளாலான பேஸ்64 ஆக மாற்றப்பட்டுத்தான் பயணம் செய்கிறது. யுடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். பேஸ்64 மூன்று மூன்று பைட்டாக எடுத்து நான்கு நான்கு ஆங்கில எழுத்தாக்கும். 'அம்மா' என்பதில் அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என்று ஐந்து குறிகள். ஃபைலில் அது 20 ஆங்கில எழுத்தாகக் கிடக்கும். அந்த 20 எழுத்தைத் தேடலாமே என்றால், முன்னால் ஓர் இடைவெளி கூடுதலாக வந்தால்கூட மூன்றின் கணக்கு நகர்ந்து முற்றிலும் வேறு எழுத்துகளாகிவிடும். ஒரே சொல்லுக்கு மூன்று விதமான உருவம் உண்டு. நடுவில் வரி உடைந்தால் அதுவும் போச்சு. தலைப்பு வரிக்கும் இதே கதிதான். எனவே தமிழில் கடிதப் போக்குவரத்து நடக்கும் இடத்தில் தேடல் வேண்டுமென்றால், மெயிலைப் பிரித்துப் படித்து எங்காவது ஓர் இன்டெக்ஸில் போட்டே ஆக வேண்டும்.

சரி, டேட்டாபேஸ் பக்கம் வருவோம். அதன் பலத்தைக் காட்ட என்ரான் மெயில்களைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அமெரிக்காவின் ஹூஸ்டனில் இருந்த அந்த எரிசக்தி நிறுவனம் 2001 டிசம்பரில் திவாலானது. விசாரணையின்போது கைப்பற்றிய ஊழியர் மெயில்களை அமெரிக்க மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் பொதுவெளியில் வெளியிட்டது. கார்னகி மெலன் பல்கலைக்கழகம் வழியாகப் பரவிய தொகுப்பில் சுமார் 150 பேரின் 5 லட்சம் மெயில்கள் இருக்கின்றன. ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு டைரக்டரி, உள்ளே ஃபோல்டர்கள், மெயிலுக்கு ஒரு ஃபைல். மொழி ஆய்வாளர்களுக்கும் ஸ்பாம் ஆய்வாளர்களுக்கும் இந்த வடிவமே போதுமானதாக இருந்தது. ஆனால் யார் யாருக்கு எத்தனை முறை எழுதினார்கள், நெருக்கடி முற்றியபோது யாருக்கும் யாருக்கும் நடுவில் போக்குவரத்து கூடியது என்று கேட்டவர்களுக்கு ஃபைல் போதவில்லை. தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையத்தில் இருவர் அதையே மைஎஸ்கியூஎல்லில் ஏற்றினார்கள். ஊழியர்களுக்கு ஒரு டேபிள், மெயில்களுக்கு ஒன்று, பெறுநர்களுக்கு ஒன்று, மெயிலுக்குள் மேற்கோளாக வந்த பழைய மெயில்களுக்கு ஒன்று, மொத்தம் நான்கே டேபிள்.

ஏற்றும்போது இன்னொன்றும் தெரிந்தது. ஒரே மெயில் 'எல்லா ஆவணங்களும்', 'உரையாடல்கள்', 'அனுப்பியவை' என்று பல ஃபோல்டர்களில் நகலாகக் கிடந்தது. நகல்களைக் கழித்துச் சுத்தம் செய்த பிறகு 151 பேரின் 2,52,759 மெயில்கள்தான் நின்றன. 5 லட்சம் என்று எண்ணிக்கொண்டிருந்தது ஏறக்குறைய பாதியாகிவிட்டது. டேபிளாக வைத்து ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பதன் அருமை இங்கே புரியும். ஆனாலும் கார்னகி மெலன் ஃபைல்களை யாரும் தூக்கிப் போடவில்லை என்பதைக் கவனியுங்கள். டேட்டாபேஸில் ஒரு சந்தேகம் வந்தால் திரும்பிப் போய்ப் பார்க்க மூலம் இருந்தது.

பெறுநர் பட்டியல்தான் டேட்டாபேஸ் உண்மையாகவே தேவைப்படும் இடம். ஒரு மெயிலுக்குப் பல பெறுநர், ஒருவருக்குப் பல மெயில். ஒரே மெயிலுக்குப் பல லேபிள் ஒட்டுவதும் இதே கணக்குத்தான். மெயில்டிரில் ஒரு மெயில் ஒரு ஃபோல்டரில்தான் இருக்க முடியும். 'வரி' என்றும் 'வாடகை' என்றும் இரண்டு பெயரில் வைக்க நகலெடுக்க வேண்டும், அல்லது ஒரே ஃபைலுக்கு இரண்டாவது பெயர் தரும் ஹார்ட் லிங்க் போட வேண்டும்.

டேட்டாபேஸில் போடுவது என்று முடிவெடுத்தாலும் அடுத்த கேள்வி உடனே வரும். மெயிலை அப்படியே ஒரு பைனரி நெடுவரிசையில் வைப்பதா, ஹெடர், உடல், அட்டாச்மென்ட் என்று பிரித்து டேபிள்களில் பரப்புவதா? இரண்டாவதை நிஜமாகவே செய்து பார்த்தவை டிபிமெயில், ஆர்க்கிவியாப்டெரிக்ஸ் என்ற மெயில் சர்வர்கள். ஆர்க்கிவியாப்டெரிக்ஸ் போஸ்ட்கிரெஸின் மேல் கட்டப்பட்டது. முகவரிகளுக்குத் தனி டேபிள், ஹெடர் வரிகளுக்குத் தனி, உடற்பகுதிகளுக்குத் தனி என்று பாடப்புத்தகம் சொல்வது போலவே வடிவமைத்திருந்தார்கள். டிபிமெயிலின் 3ஆம் பதிப்பு ஒவ்வொரு பகுதியின் ஹாஷை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட அடையாள எண்) வைத்து, ஒரே அட்டாச்மென்ட் எத்தனை பேருக்கு வந்தாலும் ஒரு முறைதான் சேமிக்கும். 40 பேருக்கு 5 எம்பி பிடிஎஃப் ஒன்று வந்தால், பேஸ்64இல் வீங்கி ஆளுக்குச் சுமார் 6.8 எம்பி, மெயில்டிரில் மொத்தம் 270 எம்பி. டிபிமெயிலில் ஒரே ஒரு பிரதி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்சேஞ்ச் சர்வரில் பல வருடம் வைத்திருந்த இதே வசதியை 2010 பதிப்பில் எடுத்தேவிட்டது. டிஸ்க் இடம் மலிவாகிவிட்டது, பகிர்ந்த பிரதியைத் தேடி டிஸ்க் முழுக்க அலைவதுதான் பெரிய செலவு என்பது அதற்கான காரணம்.

பிரித்து வைப்பதில் எனக்குள்ள பெரிய தயக்கம் வேறு. மெயில் என்பது பைட் மாறாமல் இருக்க வேண்டிய ஆவணம். மெயிலை அனுப்பும் சர்வர் சேர்க்கும் டிகேஐஎம் கையொப்பம் மெயில் உடலின் ஹாஷ் மீது போடப்படுகிறது. பிரித்ததைத் திரும்பச் சேர்க்கும்போது வரி உடையும் இடம் மாறினாலே அந்த ஹாஷ் பொருந்தாமல் போகலாம். ஒரு தகராறில் "இந்த மெயில் இவர் சர்வரிலிருந்துதான் வந்தது" என்று காட்ட வேண்டிய நாளில் அது பெரிய இழப்பு. எல்லா மெயிலும் விதிப்படி எழுதப்பட்டு வருவதும் இல்லை. பகுதிகளைப் பிரிக்கும் மைம் எல்லைக்கோடு பாதியில் நின்ற மெயில், சொல்லும் குறியாக்கம் ஒன்றும் உள்ளிருப்பது வேறொன்றுமான மெயில், தேதியே இல்லாத மெயில் எல்லாம் வரும். ஆர்க்கிவியாப்டெரிக்ஸில் பிரித்துப் படிக்க முடியாத மெயில்களுக்கென்றே ஒரு டேபிள் இருந்தது.

தமிழ் மெயில் வைத்திருப்பவர்கள் இதைக் கூடுதலாக யோசிக்க வேண்டும். 1990களின் கடைசியிலும் 2000களின் தொடக்கத்திலும் தமிழ் மெயில்கள் திஸ்கியிலும் இன்னும் பல எழுத்துரு சார்ந்த குறியாக்கங்களிலும்தான் போய்வந்தன. ஹெடரில் மட்டும் மேற்கு ஐரோப்பியக் குறியாக்கம் என்றோ, பயனர் வரையறுத்தது என்றோ போட்டிருக்கும். அந்தப் பொய்யை நம்பி யுடிஎஃப்-8 டேபிளில் மாற்றி ஏற்றினால் கொம்பும் கோடும் வைத்த ஐரோப்பிய எழுத்துக் குப்பை வந்து விழும். எந்த மாற்றம் எங்கே நடந்தது என்று பிற்பாடு கண்டுபிடிப்பது பெரும்பாடு. மாற்றாமல் டெக்ஸ்ட் நெடுவரிசையில் போட்டால் போஸ்ட்கிரெஸ் முறையற்ற யுடிஎஃப்-8 என்று திருப்பி அனுப்பும். மூல பைட்டுகள் தொடப்படாமல் இருந்தால் மட்டுமே, இருபது வருடம் கழித்தும் திஸ்கி மாற்றி ஒன்றைக் கொண்டு அந்தக் கடிதத்தைப் படிக்க முடியும். அந்தக் காலத்தில் தமிழில் முதன்முதலாக மெயில் எழுதிக்கொண்டவர்களின் கடிதங்கள் இப்படி ஒரு ஏற்றுமதியில் அழிந்துபோவதை என்னால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

அப்படியே பைனரியாக வைத்தால் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே கேள்வி அளவைப் பற்றியது. மைக்ரோசாஃப்ட் ஆய்வுக்கூடம் 2006இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, 256 கேபிக்குக் கீழே டேட்டாபேஸ் நல்லது, 1 எம்பிக்கு மேலே ஃபைல் சிஸ்டம் நல்லது, நடுவில் உள்ளது பயன்பாட்டைப் பொறுத்தது என்றது. ஒரே ஃபைலில் அடங்கும் டேட்டாபேஸான எஸ்கியூலைட் தரப்பின் அளவீட்டில் எல்லை சுமார் 100 கேபி. 10 கேபி அளவுள்ள துண்டுகளைத் தனித்தனி ஃபைலிலிருந்து படிப்பதைவிட எஸ்கியூலைட்டிலிருந்து படிப்பது 35% வேகம் என்றும் அவர்கள் காட்டியிருக்கிறார்கள். எழுத்து மட்டும் உள்ள மெயில் இந்த வரம்புக்குள் அடங்கும். ஸ்கேன் செய்த பத்திரத்தைத் தாங்கிவரும் மெயில் அடங்காது. போஸ்ட்கிரெஸில் அந்தப் பத்திரம் முதலில் மாற்றங்களைக் குறித்துவைக்கும் லாகில் எழுதப்படும், பிறகு டேபிளிலும் எழுதப்படும். அழித்தால் இடம் உடனே திரும்பாது. வாக்யூம் என்ற துப்புரவு வேலை ஓடி, அந்த இடத்தை அடுத்த மெயிலுக்குத் தரும், டிஸ்க்குக்குத் தராது. டிஸ்க்குக்குத் திரும்ப வேண்டுமென்றால் முழு வாக்யூம் ஓட்ட வேண்டும். அது முடியும்வரை டேபிள் பூட்டிக் கிடக்கும், புதுப் பிரதி எழுத இன்னொரு மடங்கு இடமும் கேட்கும்.

பேக்கப்பில் இரண்டு பக்கமும் குறை உண்டு. மெயில்டிரை, மாறியதை மட்டும் நகலெடுக்கும் ஆர்சிங்க் கொண்டு பேக்கப் செய்தால் புதிதாக வந்தது மட்டும் போகும். ஆனால் ஒரு மெயிலைப் படித்தவுடன் அதன் பெயர் மாறுவதால் ஆர்சிங்க் அதைப் புது ஃபைலென்று நினைத்து மறுபடி அனுப்பும். டேட்டாபேஸில் தினமும் முழு டம்ப் (மொத்த நகல்) எடுத்தால், நேற்றிலிருந்து நான்கு மெயில்தான் வந்தது என்றாலும் பத்து வருடமும் திரும்ப எழுதப்படும். லாகை ஆவணப்படுத்தும் முறைக்கு மாறினால் இது தீரும், ஆனால் அதை நடத்தத் தெரிந்த ஆள் வேண்டும். நான் அதிகம் அஞ்சுவது பழுதின் பரப்பைப் பற்றி. மெயில்டிரில் ஒரு ஃபைல் கெட்டால் ஒரு மெயில் போகும். எல்லாம் ஒரே பெட்டியில் இருந்தால் என்ன ஆகும் என்பதை நம் அலுவலகங்கள் அவுட்லுக்கின் பழைய பிஎஸ்டி ஃபைலில் பார்த்திருக்கின்றன. அவுட்லுக் 2002 வரை அதற்கு 2 ஜிபி உச்சவரம்பு. அதைத் தாண்டினால் ஃபைலே திறக்காது. கடைசியில் கொஞ்சத்தை வெட்டியெறிந்து மீதியைத் திறக்க மைக்ரோசாஃப்டே ஒரு கருவி கொடுக்க வேண்டியிருந்தது. பிஎஸ்டி ரிலேஷனல் டேட்டாபேஸ் கிடையாது, போஸ்ட்கிரெஸ் அதைவிடப் பல மடங்கு உறுதியானது. ஆனாலும் ஒரு டேபிளின் பக்கம் கெட்டுப்போனால் சரிசெய்ய நிபுணர் வேண்டும். கெட்டுப்போன மெயில் ஃபைலை நோட்பேடில் திறந்தே பாதியை மீட்கலாம்.

பெரிய அமைப்புகள் எங்கே வந்து நின்றன என்று பார்த்தால் முடிவெடுக்க உதவும். ஜிம்ப்ரா மெயில் சர்வர் விவரங்களை மைஎஸ்கியூஎல்லிலும், மெயிலை ஃபைலாகவும், தேடலை லூசீன் என்ற தேடல் மென்பொருளிலும் வைத்தது. ஆப்பிள் மெயில் 2005இல் எம்பாக்ஸை விட்டுவிட்டு மெயிலுக்கு ஒரு ஃபைல் என்று மாறியது. பட்டியலுக்கு மட்டும் ஓர் எஸ்கியூலைட் ஃபைல். அதை அழித்தால் மெயில் ஃபைல்களைப் படித்துத் தானே மறுபடி உருவாக்கிக்கொள்ளும். சைரஸ் சர்வரும் மெயிலுக்கு ஒரு ஃபைல், பக்கத்தில் இன்டெக்ஸ். நாட்மச் என்ற மெயில் தேடல் கருவி மெயில்டிரின் உள்ளடக்கத்தைத் தொடாமல் லேபிள்களையும் தேடலையும் சேப்பியன் என்ற தேடல் இன்டெக்ஸில் வைக்கிறது. வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு ஆட்கள் தனித்தனியாக இதே ஏற்பாட்டுக்கு வந்துசேர்ந்திருப்பது எனக்குப் பெரிய சான்றாகப் படுகிறது.

இதை நீங்களே செய்வதாக இருந்தால் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். மெயில்டிர் ஃபைலின் முழுப் பெயரை டேபிளில் சேமிக்காதீர்கள். படித்தவுடன் பெயர் மாறிவிடும். முக்காற்புள்ளிக்கு முன்னால் உள்ள பகுதி மட்டுமே நிலையானது. ஹெடரில் வரும் அடையாளமான மெசேஜ்-ஐடியை டேபிளின் முதன்மைச் சாவியாக (ஒவ்வொரு வரிசைக்கும் தனித்த அடையாளம்) வைக்காதீர்கள். ஒரே மெயில் இரண்டு வழியில் வந்தால் அதே ஐடி இரண்டு முறை வரும், சில மெயிலில் அது இருக்கவே இருக்காது.

தமிழ்த் தேடலுக்கு போஸ்ட்கிரெஸ் 12 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு இருந்தால் தமிழ்ச் சொல்லின் வேரைப் பிரிக்கும் வசதி உள்ளேயே வருகிறது. வேற்றுமை உருபு மாறினாலும் சொல் அகப்பட வாய்ப்புண்டு. எஸ்கியூலைட்டின் தேடல் வசதியான எஃப்டிஎஸ்5 என்றால் ஒரு பொறி இருக்கிறது. அதன் வழக்கமான அமைப்பு எழுத்தையும் எண்ணையும் மட்டும் சொல்லின் பகுதியாக எடுக்கும். புள்ளியும், துணைக்கால், கொம்பு போன்றவையும் யூனிகோடில் 'குறிகள்' என்ற வேறு வகை என்பதால் அங்கெல்லாம் சொல்லை வெட்டிவிடும். 'தமிழ்' என்பது 'தம', 'ழ' என்று இரண்டு துண்டாகப் பதிவாகும். டேபிளை உருவாக்கும்போதே சொற்களைப் பிரிக்கும் டோக்கனைசர் அமைப்பில் குறிகள் வகையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இனி, முழுக்க டேட்டாபேஸில் வைப்பதே சரி என்று நான் சொல்லும் இடங்கள். புகார், சேவைக் கோரிக்கை நிர்வகிக்கும் மென்பொருளில் வரும் மெயில் ஒரு கோரிக்கையின் பகுதி. கோரிக்கையின் நிலை மாறுவதும் மெயில் பதிவாவதும், இரண்டும் நடக்கும் அல்லது இரண்டும் நடக்காது என்ற உறுதியுள்ள ஒரே டிரான்ஸாக்‌ஷனில் நடக்க வேண்டும். அங்கே மூல மெயிலையும் பைனரியாக அதே டேட்டாபேஸில் போடுங்கள், அட்டாச்மென்ட் பெரிதாக இருந்தால் மட்டும் வெளியே. இரண்டாவது, இனிப் புது மெயில் வராத, மூடிய தனிநபர் சேகரம். ஒரே எஸ்கியூலைட் ஃபைலில் மூலமும் இன்டெக்ஸும் சேர்ந்திருந்தால் நகலெடுக்கவும் கைமாற்றவும் எளிது. மூன்றாவது, இரண்டு மூன்று மெயில் சர்வர்கள் ஒரே மெயிலைப் பார்க்க வேண்டும், சர்வர்களுக்கிடையே நகல் வைக்கும் போஸ்ட்கிரெஸ் ரெப்ளிகேஷனைக் கவனிக்க ஏற்கெனவே ஆட்களும் இருக்கிறார்கள் என்ற நிலை. டவ்காட் இன்டெக்ஸைப் பல சர்வர்கள் என்எஃப்எஸ் என்ற நெட்வொர்க் ஃபைல் பகிர்வு வழியாகப் பகிர்வது தொல்லை பிடித்த வேலை. டிபிமெயில் மாதிரி ஒன்று அங்கே நியாயமான தேர்வு. 40 பேர் அலுவலகத்தில், வாரம் ஒருநாள் வந்து பார்க்கும் சிஸ்டம் ஆளை நம்பி இதைச் செய்ய வேண்டாம்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் மாறும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். பழைய மெயில்களில் ஆயிரத்தைப் பொறுக்குங்கள். திஸ்கி மெயில், பெரிய அட்டாச்மென்ட், வடிவம் கெட்ட ஸ்பாம் எல்லாம் அதில் இருக்கட்டும். புது அமைப்பில் ஏற்றி, மெயிலைச் சர்வரிலிருந்து படிக்கும் ஐமேப் முறை வழியாகத் திரும்ப இறக்குங்கள். இரண்டு பக்கமும் வரி முடிவுக் குறியை ஒரே மாதிரியாக்கிவிட்டு எஸ்ஹெச்ஏ-256 ஹாஷை ஒப்பிடுங்கள். டிகேஐஎம் சரிபார்ப்பை மட்டும் நம்ப வேண்டாம்; பழைய மெயில்களின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் பொதுச் சாவியை அனுப்பியவர்கள் இணையப் பெயர்ப் பதிவான டிஎன்எஸ்ஸிலிருந்து எப்போதோ எடுத்திருப்பார்கள், மெயில் மாறாவிட்டாலும் சரிபார்ப்பு தோற்கும். ஹாஷ் பொருந்தாத மெயில்களை ஒவ்வொன்றாகத் திறந்து என்ன மாறியிருக்கிறது என்று பார்த்து, காரணம் தெரிந்த பிறகு மீதி மெயிலை ஏற்றுங்கள்.